பர்மிஷன் வாங்கியாச்சு

கல்யாண மண்டபங்களில் அவருக்கு ரெடியண்ணன் என்று பெயர். படம் எடுப்பதற்கு முன் "ரெடி, ரெடி, ரெடி" என்று மூன்று தடவை சொல்வார். மூன்றாவது ரெடிக்கு எல்லோரும் முகத்தைச் சரிசெய்துகொள்ளும்போது, இரண்டாவதிலேயே எடுத்து முடித்திருப்பார். பதினெட்டு வருடமாக இதே தொழில். இருந்தும் நாற்பது வயதில்தான் முதன்முதலாக பாஸ்போர்ட் எடுத்தார். அதுவும் ஒரு கல்யாணப் பெண் கூப்பிட்டதால்.

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தன் கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள்.

"அண்ணா, என் மூஞ்சி எனக்கே பிடிச்சது இதான் முதல் தடவை. நாங்க வெளிநாடு போறோம். நீங்களும் வாங்களேன்."

"ஏம்மா, புதுசா கல்யாணமானவங்க நடுவுல நான் எதுக்கு?"

"அவருதான் சொன்னாரு. அங்க ஒரு ஆளைப் பிடிச்சா அவன் கேக்கறதுல உங்களுக்கு டிக்கெட்டே போட்டுடலாமாம்."

ரெடியண்ணனின் மனைவியும் அதையே கேட்டாள். "சிவபூஜையில கரடி மாதிரி நீங்க எதுக்குங்க போறீங்க?" கேட்டுக்கொண்டே அவருடைய நல்ல சட்டைகள் நான்கையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள்.

பெண்ணின் கணவன் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தான். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் சட்டதிட்டப்படி நடக்கிறார்களா என்று சரிபார்ப்பதுதான் அவன் வேலை. பேச்சிலும் அந்தச் சுத்தம் இருக்கும். ரெடியண்ணனின் விசா பாரத்தை அவனே நிரப்பினான், தங்கும் அறையை அவனே பிடித்தான். எதைக் கேட்டாலும் "அது பாத்தாச்சு" என்பான். இப்படி ஒரு ஆள் கூட இருந்தால் நமக்கு என்ன கவலை என்று ரெடியண்ணன் நிம்மதியாக விமானம் ஏறினார்.

மூன்றாம் நாள் காலை அவர்கள் போனது மலைமேல் இருந்த ஒரு பழைய அரண்மனைக்கு. அதன் முன்முற்றத்தில் அகலமான கல் படிக்கட்டு, தேய்ந்து தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. அந்தப் படிக்கட்டில்தான் படம் எடுக்க வேண்டும் என்று கணவன் ஊரிலேயே முடிவு செய்திருந்தான். கைபேசியில் அவன் காட்டிய மாதிரிப் படத்தில் ஒரே ஒரு பெண் தெளிவாக நிற்பாள். சுற்றிலும் ஜனம் எல்லாம் புகைபோலக் கரைந்திருக்கும்.

"இது எடுக்க முடியுமா பாஸ்?"

"முடியும் சார். லென்ஸுக்கு முன்னால கறுப்புக் கண்ணாடி மாட்டணும். அரை நிமிஷம் திறந்து வைக்கணும். மேடம் அசையாம நின்னா அவங்க மட்டும் நிப்பாங்க, நடக்கறவங்க எல்லாம் கரைஞ்சு போயிடுவாங்க. ஆனா கையில பிடிச்சு எடுக்க முடியாது. ட்ரைபாட் கட்டாயம் வேணும்."

"கொண்டு வாங்க. பாத்துக்கலாம்."

நுழைவாயிலில் ஒரு பலகை இருந்தது. நாய்ப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. சைக்கிள், கோடு. கடைசியில் மூன்று கால் வைத்த ஒரு கேமரா, அதன் மேலும் கோடு. ரெடியண்ணனுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அந்தப் படத்துக்குப் பாஷை தேவையில்லை.

"சார், போர்டுல ட்ரைபாட் கூடாதுன்னு இருக்கே?"

"அது சும்மா வர்றவங்களுக்கு. நாம பர்மிஷன் வாங்கியாச்சு. ஊர்லேர்ந்தே மெயில் போட்டுட்டேன்."

"அப்ப சரி சார்."

"எதுக்கும் அதை மடிச்சு பைக்குள்ள வைங்க. வாசல்ல நின்னு விளக்கம் சொல்லிட்டிருக்க முடியாது."

அனுமதி இருக்கிறதென்றால் எதற்கு மறைக்க வேண்டும் என்று ரெடியண்ணனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. படித்தவர், இந்த மாதிரி விஷயம் தெரிந்தவர், அவரிடம் போய் என்ன கேட்பது?

பெண் படிக்கட்டின் நடுவில் போய் நின்றாள். ரெடியண்ணன் கீழே ட்ரைபாடை விரித்து, கால்களைப் படிக்குப் படி நீட்டிச் சமன்செய்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். கணவன் அவருக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தான். முதல் படத்தில் அவள் கொஞ்சம் அசைந்துவிட்டாள். இரண்டாவது அருமையாக வந்தது. மூன்றாவதுக்காகக் கேமரா திறந்திருந்தபோது பின்னால் விசில் சத்தம் கேட்டது.

திரும்பினால் ஒரு காவலாளி. ஆறடி உயரம். கையை நீட்டி ட்ரைபாடைக் காட்டி ஏதோ கேட்டார். "பர்மிட்" என்ற சொல் மட்டும் ரெடியண்ணனுக்குப் பிடிபட்டது.

"எஸ் சார், பர்மிட், எஸ்" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் யாரும் இல்லை.

கணவன் இருபதடி தள்ளி, இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அனுமதிக் கடிதத்தை எடுக்கப் போயிருக்கிறார் போல என்று ரெடியண்ணன் நினைத்தார். கடிதத்தை எடுக்கப் போகிறவன் கோபுரத்தை ஏன் பார்க்கிறான் என்று யோசிக்க அப்போது அவருக்கு நேரமில்லை. காவலாளி கேமராவோடு சேர்த்து ட்ரைபாடைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ, மெதுவா, மெதுவா" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். படிக்கட்டிலிருந்து அந்தப் பெண்ணும் இறங்கி ஓடிவந்தாள். அவள் வந்ததால் கணவனும் வந்தான்.

நுழைவாயிலை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு மேசை, கம்ப்யூட்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் முதலுதவிப் பெட்டி. மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லாத முகம். ரெடியண்ணனை உட்காரச் சொல்லி, நிதானமான இங்கிலீஷில் கேட்டார்.

"அனுமதிக் கடிதம் இருக்கிறதா?"

ரெடியண்ணன் வாசல் பக்கம் நின்ற கணவனைக் கையால் காட்டினார். "சார்... பர்மிட்... சார் ஹேஸ்."

அதிகாரி கணவனைப் பார்த்தார். கணவன் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு, ஆபீஸ் கூட்டத்தில் பேசுவது போலத் தெளிவாகச் சொன்னான்:

"இவர் யாரென்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே வருகிறார். என் மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்."

எவ்வளவோ இங்கிலீஷ் ரெடியண்ணனுக்குப் புரியாமல் போயிருக்கிறது. இது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. புரிந்தும், சரியாகத்தான் கேட்டோமா என்று பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று நாளாக ஒரே மேசையில் காலைச் சாப்பாடு. முந்தின நாள் மாலைதான் கணவன் தன் குளிர்கோட்டைக் கழற்றி "நீங்க போட்டுக்கோங்க பாஸ், நடுங்கறீங்க" என்று கொடுத்திருந்தான். அந்தக் கோட்டு இப்போதும் ரெடியண்ணனின் உடம்பில்தான் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ? இப்போது சிரித்துவிடுவாரோ? அவர் அவனுடைய முகத்தையே பார்த்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

அறையின் காற்றே மாறிப்போனது. அதுவரை மேசைமேல் கையைக் கட்டிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறடிக் காவலாளி வந்து ரெடியண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இன்னொருவர் கதவுக்கு வெளியே வந்து நின்றார். வாக்கிடாக்கியில் அதிகாரி பேசியதில் "போலீஸ்" என்ற சொல் இரண்டு தடவை வந்தது.

 ரெடியண்ணனின் பாஸ்போர்ட் விடுதி அறையில் இருக்கிறது. அறைச் சாவி கணவனிடம் இருக்கிறது. ஊரில் இருக்கும் மனைவிக்கு எப்படிச் சொல்வது, என்னவென்று சொல்வது? முன்பின் தெரியாத பெண்ணின் பின்னால் அலைந்து படம் எடுத்தான் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றா? கேமராவில் அவளுடைய படம் மட்டும் நானூறு இருக்கிறதே! நானூறும் சாட்சி சொல்லுமே!

அதிகாரி எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கி, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"பயப்பட வேண்டாம். உங்கள் கணவர் சொல்வது உண்மையா? இந்த ஆள் உங்களைத் தொந்தரவு செய்தாரா? நீங்கள் சொன்னால் போதும்."

 அப்போது கணவன் பேசினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மனைவிக்கு ஆறுதல் சொல்கிறவன் மாதிரி அவள் தோளில் கைவைத்து, தமிழில்:

"ஆமான்னு சொல்லு. வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்தோம்னு தெரிஞ்சா விசாவே சிக்கலாயிடும், எனக்கு ஆபீஸ்ல பதில் சொல்ல முடியாது. இவரை ரெண்டு மணி நேரம் வச்சிருந்து விட்டுடுவாங்க. அப்புறம் நாம சமாதானம் பண்ணிக்கலாம்."

மூன்றடி தூரத்தில் ரெடியண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் தான்தான் என்பது அவருக்கு ஏதோ புதுச் செய்தி மாதிரி வந்து அறைந்தது. காதில் விழட்டும் என்று சொன்னானா, விழுந்தால் என்ன என்று சொன்னானா? நாற்காலியில் யாருமே இல்லாதது போல அல்லவா பேசிவிட்டான்!

பெண் தன் தோளிலிருந்த கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெடியண்ணனுக்கு அந்த நேரம் அரை நிமிடமா, ஐந்து நிமிடமா என்று பிறகு ஒருபோதும் நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை.

"அவரு இங்கதான் உக்காந்திருக்காரு" என்றாள் கணவனிடம். "அவருக்குத் தமிழ் தெரியும்."

பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.  ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இவர் எங்களோடு வந்தவர். என் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். நாங்கள் கூப்பிட்டுத்தான் வந்தார். என்னை ஒரு தொந்தரவும் செய்யவில்லை. என் கணவர் பயத்தில் பொய் சொல்கிறார். அனுமதி வாங்கியிருக்கிறோம், தயவுசெய்து உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள்."

"கொஞ்சம் இரு" என்றான் கணவன் அவசரமாக. அதுவரை அவன் குரலில் இல்லாத அவசரம்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் பெயரைக் கேட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் படித்தார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

ஒரு விண்ணப்பம். விண்ணப்பித்தவர் என்ற இடத்தில் கணவனின் பெயர். படம் எடுப்பவர் என்ற இடத்தில் ரெடியண்ணனின் முழுப்பெயர், அப்பா பெயரோடு, பாஸ்போர்ட் எண்ணோடு. அதற்குக் கீழே அலுவலகத்தின் பதில், தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. பெண் அதைப் படித்து, ரெடியண்ணனுக்காகத் தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"முன்முற்றத்தில் ட்ரைபாட் வைக்க அனுமதி தர முடியாது... கையில் பிடித்து எவ்வளவு படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்கு அனுமதியே தேவையில்லை..."

கையில் பிடித்து எடுக்கலாம். ரெடியண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. மக்கள் கரைகிற படம் இல்லாவிட்டால் என்ன, அந்தப் படிக்கட்டில் காலை வெயிலில் நூறு விதமாக எடுத்திருப்பாரே!

அதிகாரி கணவனைப் பார்த்துப் பேசினார். "போன வருடம் அந்தப் படிக்கட்டில் ஒருவர் ட்ரைபாட் கால் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதனால்தான் இந்த விதி. நீங்கள் தெரியாமல் செய்திருந்தால் எச்சரித்து அனுப்பியிருப்பேன்." அபராதப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். "நீங்கள் சொன்ன மற்றதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை."

வேலை, விசா என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வாக்கிடாக்கியில் போலீஸ் வேண்டாம் என்று சொன்னார். அபராதச் சீட்டைக் கணவன் பெயரில் எழுதிக் கிழித்தார். கேமராவை ரெடியண்ணனிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். ட்ரைபாடை மட்டும் அரண்மனை மூடும்போது வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் கணவன் சொன்னான்: "வெயில் ஏறுது. ரூமுக்குப் போய்ப் பேசிக்கலாம்." பெண் நகரவில்லை. ரெடியண்ணன் கோட்டைக் கழற்றி நீட்டினார். அவன் அதை வாங்கி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சாலைக்கு இறங்கி டாக்சி பிடித்துப் போய்விட்டான்.

மதில் ஓரம் ஒரு கல் பெஞ்சு இருந்தது. இருவரும் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள்.  அவள் தன் விரல்களை மடக்கி, நீட்டி, நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியைத் தனக்கே செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"அவரு சொன்னப்ப... ஆமான்னு சொல்லிடலாமான்னு நானும் ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

ரெடியண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் அழவில்லை. தனக்குள் எதையோ கண்டு மிரண்டவள் போல இருந்தாள்.

"கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆச்சு. அவரை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னுதான் முதல்ல தோணிச்சு. நீங்க என்ன ஆவீங்கன்னு தோணலை. அதுக்கப்புறம்தான் தோணிச்சு."

 பெரிய மனதோடு ஏதாவது சொல்லலாம்தான்.  "சொல்லலையேம்மா" என்றார் கடைசியில். அதற்கு மேல் வரவில்லை. மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்து, ட்ரைபாடை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ரெடியண்ணன் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். கணவன் நேராக அவரிடம் வந்தான். சற்றுத் தள்ளி அவள் நின்றாள். அவள்தான் அனுப்பியிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பாஸ், நேத்து... அந்த டென்ஷன்ல அப்படி ஆயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க. சாரி."

"பரவாயில்ல சார்" என்றார் ரெடியண்ணன்.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார். பதினெட்டு வருடமாக மண்டபங்களில் சாப்பாடு தீர்ந்துபோனாலும், மாப்பிள்ளையின் அத்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் சொல்லிப் பழகிய அந்த ஒரு சொல், யோசிப்பதற்கு முன்னாலேயே வாயிலிருந்து குதித்துவிட்டது. கணவனின் முகம் தெளிந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா? அவரே பரவாயில்லன்னுட்டாரு. நீதான் பெருசு பண்றே. சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கோம், அந்த மனுஷனுக்கே வருத்தமில்ல."

அவள் கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"அவரு சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்."

அன்று மாலை விமானத்திலேயே அவள் ஊர் திரும்பினாள், தனியாக. ரெடியண்ணன் மிச்சமிருந்த மூன்று நாளும் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. கணவனும் கூப்பிடவில்லை. விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒன்பது மணி நேரம். தண்ணீர் வேண்டுமா என்று அவன் ஒருமுறை கேட்டான், வேண்டாம் என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை அவர் ஸ்டூடியோவுக்கு அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், வெயிலில் நடந்தே வந்திருந்தார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பொண்ணு வீட்டோட இருக்கா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. மாப்பிள்ளை வந்து, ஏதோ ட்ரைபாட் தகராறு, அபராதம் கட்டிட்டோம், அதுக்குப் போயி கோவிச்சுக்கிட்டான்னு சொல்றாரு. ட்ரைபாடுக்காக யாராவது வாழ்க்கையை விடுவாங்களான்னு நானும் ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடறதா இருக்கேன். கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். என்னதான் நடந்துச்சு?"

குடும்பச் சண்டைக்குள் புகக்கூடாது என்பது தொழில் தர்மம். ஒன்றுமில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தார். சாப்பாட்டுக்கூடத்தில் தான் சொன்ன சொல்லும் அதைக் கேட்டு ஒருவன் சிரித்ததும் கண்முன் வந்தன. வாயை மூடிக்கொண்டு, எழுந்து ஸ்டூடியோக் கதவைச் சாத்தினார். பிறகு அரண்மனை வாசல் பலகையிலிருந்து விடுதிச் சாப்பாட்டுக்கூடம் வரை, கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

பெரியவர் குறுக்கே பேசவில்லை.   எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

"நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. உங்களுக்குப் புரியும்னு தெரியும். தெரிஞ்சே தமிழ்ல சொன்னாரா?"

"ஆமா சார்."

"சத்தமா?"

"சாதாரணமாத்தான் சார். இப்ப நாம பேசற மாதிரி."

பெரியவர் எழுந்தார்.  தண்ணீர் கொடுத்ததும் வாங்கிக் குடித்தார். "ஞாயித்துக்கிழமை போகலை" என்றார், யாரிடமோ சொல்வது போல. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியவர், திரும்பி வந்து, ரெடியண்ணனின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்.